சிவப்பு மையில் ஒரு வரி: மைசூரில் நான்கு நாட்கள்

சென்ற பிப்ரவரியில் மைசூருக்குப் போய் நான்கு நாட்கள் தங்கிவிட்டு வந்தேன். அரண்மனையையும் மிருகக்காட்சிசாலையையும் பற்றித் தெரிந்துகொள்ள இந்தப் பக்கத்துக்கு வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். அரண்மனையை ஆட்டோவில் போகும்போது பார்த்ததோடு சரி. வெளிநாட்டில் இருந்துகொண்டு இந்தியாவிலிருந்து குழந்தையைத் தத்தெடுத்தவர்களுக்கும் எடுக்கப் போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பழைய மருத்துவக் காகிதம் ஒன்றுக்காக நீங்களும் ஒருநாள் இப்படி ஓட நேரலாம்.

நானும் என் கணவர் பிரபுவும் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறோம். எங்கள் மகள் இனியாவை மைசூரில் உள்ள ஒரு குழந்தைகள் இல்லத்திலிருந்து தத்தெடுத்தோம். படத்தைப் பார்த்துச் சம்மதம் சொன்னபோது அவளுக்கு ஒன்பது மாதம். உத்தரவு, பாஸ்போர்ட், விசா எல்லாம் முடிந்து அக்டோபரில் கைக்கு வந்தபோது பதினேழு மாதம். இடையில் எட்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ அழைப்பில்தான் பார்த்துக்கொண்டோம். இல்லத்தில் அவளைப் பார்த்துக்கொண்ட ஆயா சரோஜா அக்கா போனைப் பிடித்திருப்பார், நான் இங்கிருந்து கொஞ்சுவேன், திருச்சியிலிருந்து என் அம்மாவும் சேர்ந்துகொள்வார்.

வந்த புதிதில் இனியா நடக்கவில்லை. கால்கள் கொஞ்சம் வளைந்திருந்தன, அந்த வயதில் அது சகஜம் என்றார்கள். டி வைட்டமின் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள், நாங்களும் தவறாமல் கொடுத்தோம். ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. வீட்டில் அவளுக்குப் பிடித்த இடம் வரவேற்பறை ஜன்னல். இரண்டு உள்ளங்கையையும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பாள், சில நாள் அழுவாள். பனியைப் பார்க்கிறாள் என்று நாங்கள் அதை வீடியோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினோம்.

பிப்ரவரி முதல் வாரம் சோபாவிலிருந்து இறங்கும்போது விழுந்தாள். முழங்கால் உயரம்கூட இல்லாத சோபா. மணிக்கட்டு உடைந்துவிட்டது. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தவர்கள் காலையும் எடுத்தார்கள். இடது முட்டிக்குக் கீழே ஏற்கெனவே உடைந்து, தானாகக் கூடிய எலும்பு ஒன்று தெரிந்தது. இது எப்போது நடந்தது என்று மருத்துவர் கேட்டார். தெரியாது என்றோம். பெற்ற தாய் தகப்பனே தெரியாது என்று சொன்னாலும் சந்தேகப்படத்தான் செய்வார்கள், நாங்களோ வந்து நான்கு மாதமே ஆன பெற்றோர்.

மருத்துவர் கெட்டவர் இல்லை. டி சத்துக் குறைவால் எலும்பு மெலிந்திருக்கலாம் என்று அவரே சொன்னார். ஆனால் நான்கு மாதம் நாங்கள் கொடுத்த சொட்டு மருந்தால் இப்போது ரத்தத்தில் அளவு ஏறியிருந்தது, முன்பு குறைவாக இருந்ததற்கு ஆதாரம் இல்லை. பழைய முறிவு மூன்று மாதத்துக்கு முந்தியதா, எட்டு மாதத்துக்கு முந்தியதா என்று படத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. மூன்று என்றால் அது எங்கள் வீட்டில் நடந்தது. குழந்தைகள் நல அலுவலகத்துக்குத் தகவல் போயிற்று. இனியா மருத்துவமனையிலேயே இருக்க வேண்டும், நாங்கள் நர்ஸ் முன்னிலையில் தினம் இரண்டு முறை பார்க்கலாம், இந்தியாவில் இருந்தபோதைய மருத்துவப் பதிவுகளைப் பதினான்கு நாட்களுக்குள் கொண்டுவர வேண்டும் என்றார்கள். கொண்டுவராவிட்டால் என்ன என்று கேட்டேன். வேறு குடும்பத்தில் தற்காலிகமாக வைப்போம் என்றார் அந்த அதிகாரி, மிகவும் மரியாதையாக.

எங்களிடம் இருந்த மருத்துவ அறிக்கை இரண்டே பக்கம். எடை, உயரம், தடுப்பூசி, அடியில் "ஊட்டச்சத்து: சாதாரணம்". இல்லத்துக்கு ஐந்து மின்னஞ்சல் அனுப்பினோம், பதில் இல்லை. பிரபு குழந்தையோடு இருக்க, நான் கிளம்பினேன்.

முதல் நாள், செவ்வாய். பெங்களூரு விமான நிலையத்தில் வெளியே வரும்போது காலை எட்டேகால். அங்கிருந்தே மைசூருக்கு அரசுக் குளிர்சாதனப் பேருந்து இருக்கிறது. எனக்கு ஒன்பது மணி வண்டி கிடைத்தது, ஆயிரத்துச் சொச்சம் ரூபாய், நாலரை மணி நேரம். குழந்தையோடு போகிறவர்களுக்கு நல்ல வண்டிதான். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஆயிரத்து நானூறு ரூபாய்க்கு அறை எடுத்தேன். வெந்நீர் காலை ஆறு முதல் எட்டு வரைதான், கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மணிக்கு ஆட்டோவில் இல்லத்துக்குப் போனேன், மீட்டரில் தொண்ணூற்றைந்து ரூபாய். கண்காணிப்பாளர் வசுமதி ஐம்பது வயதுக்காரர். தாத்தா காலத்திலேயே மைசூருக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று வரவேற்றார், பாப்பா நன்றாக இருக்கிறாளா என்று கன்னடத்தில் கேட்டார். "அரே, இனியா அம்மா! பன்னி பன்னி, உக்காருங்க. பாப்பா சென்னாகிதாளா?"

நான் உட்காரவில்லை. எக்ஸ்ரே படத்தை மேஜையில் போட்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். பதினைந்து மணி நேரப் பயணத்தில் சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டினேன். கால் உடைந்தது தெரியாமலா ஒரு குழந்தையை வளர்த்தீர்கள், சாதாரணம் என்று எழுத எப்படிக் கை வந்தது, இங்கே உங்களுக்கு வெயிலுக்குமா பஞ்சம் என்று கத்தினேன். வாசலில் துடைத்துக்கொண்டிருந்த பெண் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

வெயில் என்றதும் வசுமதி என்னை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். பிறகு மெதுவாக, "தினசரி ரெஜிஸ்டர் இருக்கு மேடம். ஜில்லா ஆபீஸ் பர்மிஷன் இல்லாம காப்பி தர முடியாது. நான் இவத்தே, இன்னைக்கே லெட்டர் போடறேன், நாளன்னைக்கு வாங்க. அதுக்குள்ள சரோஜாவைப் பாத்துட்டு வந்துடுங்க. அவ வேலையை விட்டுட்டு ஊருக்குப் போயிட்டா, மார்டள்ளி. பாத்துட்டு வாங்க, ஒள்ளேது, நல்லது" என்றார். ஊரை எழுதிக் கொடுத்தார்.

அன்றைக்குக் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்து பிரபு போன் செய்தார். இனியா அவரை விட்டு இறங்க மறுத்து அழுதாளாம், நர்ஸ்தான் பிரித்து எடுத்தாராம். அழுததைக்கூட ஒரு தாளில் குறித்துக்கொண்டார்கள் என்றார். எங்களுக்குச் சாதகமாகக் குறித்தார்களா, பாதகமாகவா என்று அவருக்குத் தெரியவில்லை.

இரண்டாம் நாள் வாடகைக் காரில் மார்டள்ளி. நாள் வாடகை மூவாயிரத்து எண்ணூறு. பேருந்தில் போக விரும்புகிறவர்கள் கொள்ளேகாலிலும் ஹனூரிலும் வண்டி மாற வேண்டும், திரும்பும் வண்டியை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். காலை ஏழு மணிக்குக் கிளம்பி, திருமகூடலு நரசிபுரம் வழியாக ஒன்பது மணிக்குக் கொள்ளேகால். அங்கே இட்லி, காபி. ஹனூர் தாண்டியதும் சாலை சுருங்கிவிடுகிறது. வண்டி மீட்டர்படி மொத்தம் நூற்று இருபத்தொரு கிலோமீட்டர். ஓட்டுநர் மாதேவா குண்டலுபேட்டைக்காரர். "மார்டள்ளில எல்லாரும் தமிழுதான் மேடம். நான் அங்க போனா நான்தான் ஃபாரின்" என்று சிரித்தார். அந்த நான்கு நாளில் நான் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

சரோஜா அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். வீட்டுக்கு முன்னால் மக்காச்சோளத்தைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். போன் திரையில் பார்த்த முகம்தான், கொஞ்சம் இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அம்மிணி! பாப்பா வல்லீங்களா? நடக்குதுங்களா இப்ப?"

அந்தக் கேள்வியில் அழுதுவிட்டேன். உள்ளே உட்காரவைத்து மோர் கொடுத்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். எக்ஸ்ரேயைக் காட்டியதும், "ஐயோ, ஒடைஞ்சா இருந்துச்சு?" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஆனி மாசம் காலு வீங்குச்சுங்க. எங்கயும் உளுகவே இல்லீங். தொட்டா வீல்னு கத்தும். சுளுக்குன்னு நெனச்சுத் தைலம் போட்டோம். பெரியம்மா, அதானுங்க வசுமதியம்மா, அவங்ககிட்டச் சொன்னேன், நோட்டுல எழுதினாங்க. ஒரு மாசத்துல சரியாயிருச்சுங்க."

எனக்கு உயிர் வந்தது. ஆனி என்றால் ஜூன், எங்கள் கைக்கு வருவதற்கு நான்கு மாதம் முன்பு. அது பதிவேட்டிலும் இருக்கிறது. எனக்கு வேண்டியது அதுதான். அத்தோடு எழுந்து வந்திருக்கலாம், ஆனால் என் வாய் சும்மா இருக்குமா? "ஏன் அக்கா, இந்த ஊர்ல இவ்வளவு வெயில் இருந்தும் அவளுக்கு எப்படி அந்தச் சத்து இல்லாமப் போச்சு? வெளியவே விட மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "நீங்கதானுங்களே வேண்டாம்னீங்க."

"நானா?"

"ஆமாங்க. டாக்டரு தெனமும் காத்தால அரை மணி நேரம் வெயிலு காட்டச் சொல்லியிருந்தாரு. எல்லாக் கொழந்தைங்களையும் மாடிக்குக் கொண்டுபோயி பாயில உடுவேன். ஒருநா போன்ல நீங்களும் உங்கம்மாளும் பாத்துட்டு, புள்ள கறுத்துப்போச்சு, வெயில்ல உடாதீங்க அக்கான்னு சொன்னீங்க. நாங்க போயி பெரியம்மாகிட்டச் சொன்னோம். அப்பறம் உடவே இல்லீங்க. மத்ததெல்லாம் மாடிக்குப் போகும், உங்க பாப்பா மட்டும் கீழ சன்னலுக் கம்பியப் புடிச்சுட்டு அழுதுட்டு நிக்கும். எனக்குப் பாவமா இருக்கும். ஆனா உங்க புள்ள, நீங்க சொல்லும்போது நான் எப்பிடீங்க மீறுறது?"

ஞாபகம் வந்துவிட்டது. ஏப்ரல் மாதம். இனியா மஞ்சள் கவுன் போட்டிருந்தாள். "என்னடி இது, போட்டோல பாத்ததுக்கு இப்ப இப்படிக் கறுத்துட்டா?" என்று அம்மா கேட்டார். நான் சிரித்துக்கொண்டே, "அக்கா, வெயில்ல விடாதீங்க, கறுத்துடப் போறா" என்றேன். அடுத்த நிமிஷம் பல் முளைப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டோம். அவ்வளவுதான். எனக்கு அது ஒரு பேச்சு. என் அத்தைகள் எனக்குச் சொன்னது, நான் என் தம்பி மகளுக்குச் சொன்னது. கறுப்பு என்றால் கேவலமா என்று மேடையில் கேட்டால் நான்தான் முதல் ஆளாகச் சண்டைக்கு வருவேன். என்னுடைய நிறமும் இனியாவின் நிறமும் ஒன்றுதான்.

"சொட்டு மருந்தாவது கொடுத்தீங்களா?" என்று கேட்டேன். கேட்கும்போதே பழியைப் போட இன்னொரு இடம் தேடுகிறேன் என்று எனக்குத் தெரிந்தது.

"வந்தப்ப குடுத்தோமுங்க. நடுவுல ரெண்டு மூணு மாசம் வரவேயில்லை" என்றார்.

கிளம்பும்போது, கால் வீங்கியதைப் பற்றி ஒரு வாக்குமூலம் எழுதித் தரச் சொன்னேன். அவர் தமிழில் நிதானமாக எழுதினார். பாதியில் நிறுத்தி, "அம்மிணி, வெயிலு சமாச்சாரம் அங்க தெரிஞ்சா உங்களுக்குத்தானே கஷ்டம்? நான்தான் மறந்துட்டேன்னு எழுதிரட்டுங்களா? நான் இப்ப வேலையிலயும் இல்லை. பாப்பா உங்ககிட்ட வந்து சேரோணும், அதானுங்க முக்கியம்" என்றார்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை இங்கே மறைத்துவிட்டு மற்றதையெல்லாம் எழுதினால் இந்தப் பதிவுக்கு அர்த்தமே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு மோர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "டாக்டர் சொல்லியும் வெயில் காட்ட மறந்துவிட்டேன், தவறு என்னுடையது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். பாப்பாவுக்கு என்று ஒரு பை நிறைய ராகி மாவும் கொடுத்தார்.

மூன்றாம் நாள் அனுமதிக் கடிதத்துக்காகக் காத்திருந்ததிலேயே போயிற்று. மாவட்ட அலுவலகத்தில் மதியம் ஒன்றரை முதல் இரண்டரை வரை யாரும் இருக்க மாட்டார்கள். தத்தெடுப்பு உத்தரவு, உங்கள் பாஸ்போர்ட், குழந்தையின் பாஸ்போர்ட் மூன்றிலும் மூன்று நகல் எடுத்துப் போங்கள். வெளியே கல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது தலைக்கு மேல் நல்ல வெயில். நகர்ந்து நிழலில் உட்காரப் போனேன். என்ன தோன்றியதோ, அங்கேயே இருந்துவிட்டேன்.

நான்காம் நாள் காலை பத்தரைக்கு வசுமதி பதிவேட்டை எடுத்து வைத்தார். நீளமான நோட்டு, ஒவ்வொரு குழந்தைக்கும் சில பக்கங்கள். மருத்துவர் சொல்வதும் இல்லத்தார் கவனிப்பதும் நீல மையில் இருந்தன, பெற்றோர் சொல்வது சிவப்பு மையில். ஏன் இப்படி என்று கேட்டேன். "ஃபாரின் பேரன்ட்ஸ் என்ன சொன்னாலும் ரெட் இங்க்ல எழுதிடுவோம் மேடம். கட்டாயம் மாடலேபேக்கு, செஞ்சே ஆகணும். கம்ப்ளெய்ன்ட் வந்தா நமக்குத்தானே கஷ்ட?" என்றார். நாங்கள் விளையாட்டாகச் சொல்வதெல்லாம் அங்கே மருத்துவரின் நீல மையை அடிக்கும் உத்தரவாக ஏறியிருக்கிறது. எனக்கு இது முன்பு தெரியாது. உங்களுக்கும் தெரிந்திருக்காது.

இனியாவின் பக்கத்தில் மேலே நீலத்தில்: காலை வெயில் அரை மணி நேரம், டி சொட்டு தினமும். அதற்குக் கீழே சிவப்பில்: தாய் கேட்டுக்கொண்டபடி குழந்தையை வெயிலில் விடுவதில்லை, நிறம் கறுக்கிறதாம். அதற்கும் கீழே, ஏழு வாரம் கழித்து, மறுபடி நீலத்தில்: இடது கால் வீக்கம், தொட்டால் அழுகிறது, விழவில்லை. மூன்றும் ஒரே பக்கம்.

"செவ்வாய்க்கிழமையே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நீங்க கோபமா இருந்தீங்க. நான் சொன்னா தப்பிக்கறதுக்குச் சொல்ற மாதிரி இருக்கும். ஆனா மேடம், எங்க மேலயும் தப்பு இருக்கு. எக்ஸ்ரே எடுத்திருக்கணும். நான் எடுக்கலை." பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அளவாக மடித்து, சிவப்பு வரியின் மேல் வைத்தார். "இப்படி இட்டு காப்பி எடுத்துடலாம். கால் வீக்கம் தெரிஞ்சா உங்களுக்குப் போதும், இல்லையா?"

நகல் இயந்திரத்துக்கு முன்னால் அந்தத் தாளை நானே பிடித்துக்கொண்டு நின்றேன். மறைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது. டாக்டர் சொன்னார், ஆயா மறந்தாள், எலும்பு உடைந்தது. கையெழுத்தோடு சாட்சி பையில் இருக்கிறது. இனியா வீட்டுக்கு வந்துவிடுவாள். மறைக்காவிட்டால், இந்த வரியைக் காரணம் காட்டியே அவளை எடுத்துக்கொள்ளலாம். மாடியிலிருந்து குழந்தைகளின் சத்தம் கேட்டது. காலை வெயில் நேரம். கீழே ஜன்னல் காலியாக இருந்தது. அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற குழந்தையையும், மார்டள்ளியில் உட்கார்ந்து தவறு என்னுடையது என்று எழுதிய பெண்ணையும் நினைத்தேன். தாளை எடுத்து வசுமதியின் கையில் கொடுத்துவிட்டு, "முழுப் பக்கமும் எடுங்க" என்றேன்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பன்னிரண்டாம் நாள் பக்கங்களை ஒப்படைத்தோம். சரோஜா அக்காவின் வாக்குமூலத்தைக் கொடுக்கவில்லை, அது என் மேஜையில்தான் இருக்கிறது. அந்த மரியாதையான அதிகாரி சிவப்பு வரியை வாசித்துவிட்டு, "நிறம் கறுக்கிறது என்றால் என்ன? அது ஒரு நோயா?" என்று உண்மையாகவே புரியாமல் கேட்டார். நான் விளக்கினேன். ஐந்து நிமிடம் பிடித்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு கூனிக் குறுகியதில்லை. அவர் என் கையைப் பார்த்தார், குழந்தையின் படத்தைப் பார்த்தார், எழுதிக்கொண்டார். நான்கு நாள் கழித்து இனியா வீட்டுக்கு வந்தாள். ஆறு மாதத்துக்கு அவர்கள் வந்து பார்ப்பார்கள். சத்துக் குறைவு அந்தச் சிவப்பு வரிக்கு முன்பே தொடங்கியிருக்கும், ஒரு வரியால் மட்டும் எலும்பு உடையாது என்றார் மருத்துவர். ஆறுதலுக்குச் சொல்கிறாரா என்று கேட்கவில்லை. கால் நிமிர இரண்டு வருடம் ஆகலாம், முழுவதும் நிமிராமலும் போகலாம்.

இனி, போகப் போகிறவர்களுக்கு. ஒப்படைக்கும்போது தரும் இரண்டு பக்கத்தோடு திருப்தியடையாமல், தினசரிப் பதிவேட்டின் உங்கள் குழந்தைப் பக்கங்களை அப்போதே கேட்டு வாங்குங்கள். பிறகு கேட்டால் என்னைப் போல நான்கு நாளும் விமான டிக்கெட்டும் ஆகும். குழந்தை வந்த முதல் வாரமே, மருந்து எதுவும் தொடங்குவதற்கு முன்னால், ரத்தத்தில் டி அளவைப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் அடம்பிடியுங்கள். வெயில் ஊரிலிருந்து வந்த குழந்தைதானே என்று அவர்களும் நினைப்பார்கள், நீங்களும் நினைப்பீர்கள். கால் வளைவு, நடக்கத் தாமதம், தொட்டால் அழுகை எதையும் சகஜம் என்று விட்டுவிடாதீர்கள். சொட்டு மருந்து எந்தெந்த மாதம் கொடுக்கப்பட்டது என்று தனியாகக் கேளுங்கள். வீடியோ அழைப்பில் பார்த்துப் பேசுங்கள், அந்தப் பக்கம் ஒருவர் சிவப்புப் பேனாவோடு இருக்கிறார்.

இப்போது ஏப்ரல். இங்கே இப்போதுதான் வெயில் தலைகாட்டுகிறது. பழைய வீடியோக்களைப் போட்டுப் பார்த்தேன், பதினோரு வீடியோ. எல்லாவற்றிலும் அவள் ஜன்னல் கண்ணாடியில் கை வைத்துக்கொண்டு அழுகிறாள், பின்னால் நாங்கள் சிரிக்கிறோம். ஒன்றில் என் குரல், "பனி பிடிச்சிருக்காடி செல்லம்?" என்று கேட்கிறது. உங்கள் குழந்தையும் அப்படி நின்றால் படம் எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். கதவைத் திறந்து வெளியே விடுங்கள்.